கனம் கூடிய வேல்

அத்தியாயம் 4

முருகனுக்கு ஆறு முகம் என்பது ஊருக்கே தெரியும். வயிற்றில் ஆறு கட்டும் உண்டு என்பது இந்தக் கோடையில்தான் தென்காசிக்குத் தெரிய வந்தது.

தென்றல் தியேட்டர் வாசலில் நாற்பதடி உயரத்துக்கு நின்ற கட்-அவுட்டை முகம்மது யூசுப் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். படம் ‘வேலவப் படை’. முருகன், வருணன், வாயு, அக்கினி நால்வரும் உடம்பை ஒட்டிய உடுப்பு மாட்டிக்கொண்டு, செயற்கைக்கோளில் ஏறி வருகிற சூரனைத் துரத்தித் துரத்தி அடிக்கிற கதை. பள்ளிக்கூடம் லீவு, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஏ.சி. படம் ஓடாமல் எங்கே போகும்?

“மயில் மேல உக்காந்தா இவரு கனத்துக்கு மயிலு தாங்குமாக்கா?” என்று யூசுப் கேட்டான்.

குழல்வாய்மொழி சிரிக்கவில்லை. கட்-அவுட்டுக்குக் கீழே நின்ற வேலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினைந்து வருஷம் அலைந்து, செத்துப்போனதாக மனுக் கொடுத்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள். அந்தப் பிழைப்பு அலுத்துப்போய் ரத வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ‘குழல் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினாள். யூசுப் சவூதியில், தம்மாமில் ஏழு வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன். தன்னை அவளுடைய உதவியாளன் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவள் யாரிடமும் ஸ்கூட்டர் டிரைவர் என்றுதான் சொல்வாள்.

விஷயம் இதுதான். படத்தில் ஹீரோ கையில் பிடித்த அசல் வேலைப் படக் கம்பெனி ஊர் ஊராகக் கொண்டுபோய், தியேட்டர் வாசலில் ஒரு சுழலும் மேடையில் நிறுத்தியது. ஜனங்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். வேலின் கழுத்தை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் இலை முழுக்க நீல வெளிச்சம் பாயும். இன்று நாலு மணிக்கு ஹீரோ ஷ்ரவண் தென்காசிக்கு வந்து, எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிப் பிடிக்கப்போகிறார். காலையில் சோதித்துப் பார்த்தபோது வெளிச்சம் வரவில்லை. வெளிச்சத்தை விடுங்கள், அழுத்துவதற்கு சுவிட்சே இல்லை. அசல் வேல் போய், அந்த இடத்தில் வேறொரு வேல் நின்றுகொண்டிருந்தது.

அந்த வேலை வடிவமைத்தவளும் அதற்குக் காவல் இருந்தவளும் ஒரே ஆள், நிலோபர். தென்காசிப் பெண், சென்னையில் ஒரு ஆர்ட் டைரக்டரிடம் மூன்று வருஷமாக இருக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது ‘வேல் வடிவமைப்பு: நிலோபர்’ என்று தனியாக ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகவே அவள் அம்மா சைதூன் பீவி முதல் நாள் முதல் காட்சிக்கு வந்தார். வந்தவர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால் திரையில் ஏதோ வெள்ளையாக ஓடியது என்ற அளவில் பார்த்துவிட்டுப் போனார். யூசுப் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. இன்று காலை பத்தே முக்காலுக்கு யூசுப்பின் கையைப் பிடித்து இழுத்து வந்தவரும் அவர்தான்.

படக் கம்பெனியின் விளம்பர மேனேஜர் சாய்கிருஷ்ணன் இரண்டு செல்போனோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருக்குச் சந்தேகமே கிடையாது. நிலோபர்தான் அசலை ரசிகன் எவனிடமோ தள்ளிவிட்டு டூப்ளிகேட்டை நட்டுவைத்துவிட்டாள். நாலு மணிக்குள் அசல் வரவில்லை என்றால் போலீஸில் புகார் கொடுப்பார். நாளைக் காலைக் காட்சியிலிருந்து படத்தில் அவள் பெயரும் இருக்காது.

“பேரைத் தூக்கச் சொல்லி ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு மேடம். முருகன் வேலைக் கொண்டுபோய் ஒரு...” என்று ஆரம்பித்தவர் யூசுப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு ஜூனியர் பொண்ணுகிட்ட குடுத்தது என் தப்பு” என்று முடித்தார்.

அவர் விழுங்கிய சொல் எது என்று யூசுப்புக்குத் தெரியும். நாலு மணிக்கு மேல் ஊரில் எவனும் அதை விழுங்க மாட்டான் என்பதும் தெரியும். சுவரோரம் நின்ற நிலோபருக்கும் அது தெரிந்திருந்தது. அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

குழல் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நேற்றுக் காலை வேலை எப்படித் தூக்கி மேடையில் வைத்தாய்?

ஒற்றைக் கையால் என்றாள் நிலோபர். மொத்தமே மூன்று கிலோ. உள்ளே பைபர், மேலே தங்கப் பூச்சு. ஹீரோ அதைச் சுழற்றிச் சண்டை போட வேண்டுமே. அருவிக்குள் எடுக்கிற சண்டை என்பதால் தண்ணீர் புகாதபடியும் செய்திருந்தாள். நேற்று ராத்திரி அதை ஆபீஸ் ரூமுக்குள் எடுத்து வைத்தது வாட்ச்மேன்கள். ஒருத்தனால் முடியாமல் இரண்டு பேராகத் தூக்கினார்களாம்.

“மூணு கிலோ பைபரத் தூக்கிட்டுப் போயி, பன்னெண்டு கிலோ பித்தளைய வச்சிட்டுப் போயிருக்கான்,” என்றாள் குழல். “எடுத்ததவிடப் பெருசா வச்சிட்டுப் போற திருடன எங்கயாவது பாத்திருக்கியாலே?”

“கல்யாண வீட்டுல செருப்பு மாறுமே, அப்பிடித்தான் இருக்கு. ஆனா அங்கன புதுச மாட்டிட்டுப் பழச விட்டுட்டுப் போவான். இவன் நேர்மாறு.”

குழல் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மேடையில் ஏறினாள். யூசுப்புக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சினிமா சாமானைப் பார்ப்பதற்கு அக்கா செருப்பைக் கழற்ற மாட்டாள்.

“மாறித்தான் போயிருக்கு,” என்றாள். “திருடல.”

சாய்கிருஷ்ணன் ஏதோ சொல்ல வந்தார். இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்ததால் அந்தப் பக்கம் போய்விட்டார்.

வேல் பார்வைக்கு ஒரு பூக்கடை மாதிரி இருந்தது. நிலோபர் நடந்ததைச் சொன்னாள். மேடையில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை, பூசினார்கள். முதல் நாள் மதியத்துக்குள் விபூதி, சந்தனம், மஞ்சள் துணி. நுனியில் குத்திய எலுமிச்சம்பழத்தை எடுக்க எடுக்க அடுத்தது வந்தது. எடுத்ததையெல்லாம் கேன்டீனில் ஜூஸ் போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு அம்மா மொட்டையடித்த பிள்ளையைக் கொண்டுவந்து வேலுக்கு முன்னால் கிடத்திக் கும்பிட்டார். வேலுக்குப் பக்கத்துத் துளையில் நின்ற சேவல்கொடியின் இறகுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால், கொடியை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. அந்தத் துளை இரண்டு நாளாகக் காலி.

“நேத்து நீ இங்கன இல்லாத நேரம்?”

லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போயிருந்தாளாம், பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வாட்ச்மேன் சொன்னார். ஷ்ரவண் ரசிகர்கள் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று வந்தது, நாற்பது பேர் இருக்கும். நாளைக்கு வைகாசி விசாகம் இல்லையா? மோர் குடித்து, நிழலில் கொஞ்சம் காலை நீட்டிவிட்டுப் போனார்கள்.

“அவங்க கையில வேலு இருந்துதா?”

“வேலு இல்லாம யாத்திரையா? முன்னால வந்தவர் வச்சிருந்தாரு.”

“மோர் குடிக்கும்போது அத எங்க வச்சாரு?”

வாட்ச்மேன் திரும்பி மேடையைப் பார்த்தார். வேலைத் தரையில் கிடத்த மாட்டார்கள். சுவரில் சாய்க்கவும் மாட்டார்கள். செங்குத்தாக நிற்க ஒரு இடம் வேண்டும். தியேட்டர் வாசலிலோ, வேலுக்கென்றே செய்த மாதிரி, சந்தனமும் பூவுமாக ஒரு மேடையில் ஒரு துளை காலியாக இருந்தது.

“மேடையோ சுத்திக்கிட்டே இருக்கு,” என்று யூசுப் மெதுவாகச் சொன்னான். “வலப்பக்கம் வச்சுட்டு மோர் குடிக்கப் போறாரு. திரும்பி வந்து வலப்பக்கம் நிக்கதத் தூக்கிட்டுப் போறாரு.”

இரண்டிலும் சந்தனம், இரண்டிலும் மாலை, இரண்டிலும் மஞ்சள் துணி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. அப்படித்தான் நிலோபருக்கும் காலைவரை தெரியவில்லை.

எந்த ஊர்க் கூட்டம் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க வடக்கேயிருந்து வந்துகொண்டேயிருக்கிறார்கள், யாரைக் கேட்பது?

“அக்கா, அந்தச் சந்தனத்தத் தொடச்சுப் பாருங்க,” என்றான் யூசுப். “நம்ம பக்கத்துல கோயிலுக்கு ஒரு டியூப் லைட்டு குடுத்தாலே வெளிச்சம் மறைக்கிற அளவுக்குப் பேர எழுதிக் குடுக்க ஆளு. பன்னெண்டு கிலோ பித்தளைய சும்மாவா குடுத்திருப்பான்?”

குழல் கைக்குட்டையை நனைத்துத் தண்டைத் துடைத்தாள். மஞ்சளுக்கு அடியிலிருந்து எழுத்து வெளியே வந்தது. ‘இராயகிரி பாதயாத்திரைக் குழு. உபயம்: இசக்கிமணி.’

“சம்பளத்துல ஒண்ணும் கூட்டமாட்டேன்,” என்றாள் அவள். அவளுடைய அகராதியில் அது பாராட்டு.

பிறகு குனிந்து வேலின் அடியைப் பார்த்தாள். ரோட்டுத் தார் ஒட்டிய அந்த அடி ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக யாரோ ஒருவர் அதைத் தோளில் சுமக்காமல் ஊன்றியே நடந்திருக்கிறார், அதுவும் ஒரே பக்கம் சாய்ந்து.

“முட்டு வலிக்காரரு. வலது கால். நாம தேடுத ஆளு தாங்கித் தாங்கி நடப்பாரு,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நிலோபரையும் அழைத்துப் போகவேண்டும் என்றபோது சாய்கிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடிவிட்டால் யார் பொறுப்பு? சைதூன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். மகள் வரும்வரை தான் இங்கேயே உட்கார்ந்திருப்பதாகவும், ஆனால் வெயிலில் முடியாது, ஏ.சி. ரூமில்தான் என்றும் சொன்னார். ஆபீஸ் ரூமில் மேனேஜரின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தும்விட்டார். மணி பன்னிரண்டரை.

கிளம்பும்போதே எங்கே என்பதைக் குழல் முடிவு செய்திருந்தாள். இராயகிரிக்காரர்கள் திருச்செந்தூர் போவதென்றால் தென்காசிக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. பண்பொழித் திருமலை என்றால் கடையநல்லூரிலேயே திரும்பியிருப்பார்கள். தென்காசி தாண்டிப் போனால் இலஞ்சிதான். அபிஷேகத்துக்கு அருவித் தண்ணீர் எடுக்காமல் இலஞ்சிக்கு யாரும் போவதில்லை. ஆக, முதலில் குற்றாலம்.

சீசனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பேரருவி ஒரு வீட்டுக் குழாய் அளவுக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. கடைகளில் பாதி சாத்தியிருந்தன. குரங்குகள்கூடத் திருட ஆளில்லாமல் படிக்கட்டில் மல்லாந்து கிடந்தன. வழக்கமாக நாற்பது பேருக்கு எண்ணெய் தேய்க்கும் ரவி, யாரும் வராததால் தன் கையிலேயே தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நேற்று மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு வந்தார்கள். அந்தக் கொஞ்சூண்டு தண்ணீருக்கு வரிசை கட்டிக் குளித்தார்கள். பித்தளைக் குடத்தில் பிடித்துக்கொண்டு இலஞ்சித் தென்னந்தோப்புக்குப் போனார்கள், வருஷா வருஷம் அங்கேதான் தங்குவார்கள்.

“வேலு வச்சிருந்தவர் தாங்கித் தாங்கி நடந்தாரா?” என்று குழல் கேட்டாள்.

“யாரு, வேல்சாமி அண்ணாச்சியா? போன வருஷம் வந்தப்ப நான்தான் அவருக்கு முட்டுக்கு எண்ணெ போட்டேன், அப்பவே முடியாமத்தான் வந்தாரு. நேத்துப் பாக்கணுமே. வேல ஒத்தக் கையில தூக்கிட்டு இந்தப் படியில ரெண்டு ரெண்டா ஏறுதாரு. எண்ணெ போடவான்னு கேட்டேன், வேண்டாம்லேன்னுட்டாரு.”

யூசுப் அக்காவைப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன துப்பு கண்ணெதிரே கவிழ்ந்து கிடந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

“அக்கா, தாங்கி நடக்கிறவரத் தேடினோம், தாவி ஏறுறவரு கெடச்சிருக்காரு. துப்பறியும் நிலையம்ங்கிற போர்ட எறக்கிட்டு எண்ணெக் கடை வச்சிரலாமா?”

குழல் கோபித்துக்கொள்ளவில்லை.

“ஆளு அவருதான்,” என்றாள். “தாங்கி நடந்திருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வந்திருக்கும்.” ஸ்கூட்டரில் ஏறும்போது, “பாவம் யூசுப் அந்த மனுசன்” என்றும் சொன்னாள். ஏன் பாவம் என்பது யூசுப்புக்கு இலஞ்சி போய்ச் சேரும்வரை புரியவில்லை.

தோப்புக்குள் போனபோது நாற்பது பேரும் ஒரு தகரக் கொட்டகையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழவு வீடு தோற்றது. கொட்டகையின் நடுவில், செங்கல் பீடத்தில், பால் வடிந்த தடத்தோடு நிலோபரின் வேல் நின்றது. அவள் அதைப் பார்த்ததும் யூசுப்பின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர்கள் யார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. வேல்சாமி எழுந்து வந்து அவரே சொன்னார். அறுபது வயசு, கரிய ஒல்லியான உடம்பு, பச்சை வேட்டி. நேற்று சாயங்காலம் பாலாபிஷேகம் முடிந்து, வேலின் கழுத்தில் சந்தனம் வைத்துத் தேய்த்தார்கள். வேல் எரிந்தது. நீலமாக, தோப்பு முழுக்கத் தெரிகிற மாதிரி எரிந்தது. நாற்பது பேரும் பார்த்தார்கள், தேங்காய் வெட்டுகிறவர்கள் மரத்தைவிட்டு இறங்கி ஓடிவந்து விழுந்து கும்பிட்டார்கள். ராத்திரி ஒரு நேரத்தில் வெளிச்சம் மங்கி அணைந்துபோயிற்று. காலையிலிருந்து என்ன செய்தும் வரவில்லை.

யாரோ விரதத்தில் தப்பு செய்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. காலையிலிருந்து ஒவ்வொருத்தராகத் தப்பை ஒத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் கடையநல்லூரில் டீயோடு முட்டை பிஸ்கட் தின்றிருக்கிறார். ஒருவர் மச்சானிடம் வரப்புத் தகராறில் பொய் சொன்னது முப்பது வருஷத்துக்கு முன்னால். இரண்டு பேர் நேற்று ராத்திரி கூட்டத்துக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் புளியறைக்குப் போய்க் கோழியும் பரோட்டாவும் அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் இப்போது தோப்பின் கடைசியில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

யூசுப்புக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. வேல்சாமியின் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிப்போயிற்று.

“எனக்கு இந்த வருசத்தோட முடிச்சிரணும்னுதான் நெனப்பு,” என்றார் அவர். “முட்டு போச்சு. இருவத்தாறு வருசம் சுமந்தாச்சு, யார் கையிலயாவது குடுத்திருவோம்னு வந்தேன். தென்காசியில மோர் குடிச்சிட்டு வேலத் தூக்குதேன், கையில கனமே இல்ல. அவன்தான் கனத்த எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். அங்கன இருந்து வலியில்லாம நடக்கேன். இன்னும் பத்து வருசம் நாந்தான் சுமப்பேன்னு நேந்துக்கிட்டேன். இப்ப என்னடான்னா, வெளிச்சத்தக் காட்டி அணைச்சிட்டான்.”

குழல் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். செத்தவன் பிழைத்திருப்பதைக் குடும்பத்திடம் சொல்கிற வேலையை அவள் நூறு தடவை செய்திருக்கிறாள். இது அதைவிடக் கஷ்டம்.

நிலோபர்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள்.

“அண்ணாச்சி, இது உங்க வேலு இல்ல,” என்றாள். “சினிமாவுக்கு நான் செஞ்சது. மோர் குடிச்ச எடத்துல மாறிப்போச்சு. உங்க வேலு பத்திரமா இருக்கு. யாரும் ஒரு தப்பும் செய்யல, பேட்டரி தீந்துருச்சு, அம்புட்டுதான்.”

பையிலிருந்து பவர் பேங்கை எடுத்து அதன் ஒயரை வேலின் அடியில் சொருகினாள். இரண்டு நிமிஷம் சார்ஜ் ஏறவிட்டாள். பிறகு கழுத்தை அழுத்தினாள், வேல் நீலமாக எரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. புளியறை பரோட்டாக்காரர்கள் மட்டும் தோப்புக் கடைசியிலிருந்து மெல்ல நகர்ந்து வர ஆரம்பித்தார்கள்.

வேல்சாமி அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. தன் வலது முட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப தென்காசியில இருந்து இங்கன வரைக்கும் நான் வலியில்லாம நடந்தது?”

“அதுக்கு நான் பேட்டரி வைக்கலயே அண்ணாச்சி,” என்றாள் நிலோபர்.

அவர் அவளையே பார்த்தார். முதலில் உதடு அசைந்தது, பிறகு பல் தெரிந்தது, பிறகு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது பேருக்கும் அது பரவியது. முப்பது வருஷத்துக்கு முந்தைய வரப்புப் பொய்யை வாய்விட்டுச் சொன்னவர் மட்டும், அவசரப்பட்டுவிட்டோமே என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். யூசுப்பின் கண் ஏனோ கலங்கியிருந்தது. தென்னம்பாளைத் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

மணி இரண்டு இருபது. ஸ்கூட்டரில் வேலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பறந்தால் பத்து நிமிஷம். யூசுப் வண்டியைத் திருப்பினான். வேல்சாமி குறுக்கே வந்து நின்றார்.

“சினிமா வேலோ, சாமி வேலோ, நாங்க பால் ஊத்திட்டோம். கால்நடையா வந்த வேலு வண்டி ஏறாது. நாங்க நடந்தே கொண்டாந்து குடுத்துட்டு, எங்க வேல நடந்தே கூட்டிட்டு வாரோம்.”

நாலு மணி, ஹீரோ, போலீஸ் என்று யூசுப் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு மணிக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது? நூறு நிமிஷம் என்றதும், அதில் இரண்டு தடவை போய் வரலாம் என்று வேலைத் தூக்கிக்கொண்டார்.

இரண்டு தடவை போகிற வேகத்தில் அவர்கள் போகவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, கும்பிட்டு, ஆரத்தி எடுத்தார்கள். பவர் பேங்கை வேலின் மஞ்சள் துணியிலேயே முடிந்துவிட்டு வந்த நிலோபர், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். யூசுப் ஸ்கூட்டரை உருட்டியபடி பின்னாலேயே வந்தான். சாய்கிருஷ்ணனுக்குப் போன் போட்டால் இரண்டு நம்பரும் பிஸி.

நாலு மணி அடித்தபோது ஷ்ரவணின் கார் தென்றல் தியேட்டர் வாசலில் வந்து நின்றது. மேடையில் வெளிச்சமில்லாத வேல், அதற்குக் கீழே முகத்தில் ஈயாடாத சாய்கிருஷ்ணன். அவர் போனை எடுத்து, போலீஸ் ஸ்டேஷன் நம்பர் என்ன என்று யாரையோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் அரோகரா கேட்டது. பச்சை வேட்டிகள் நாற்பதும் வளைவில் திரும்பின. முன்னால் வேல்சாமி, கையில் நீலமாக எரிகிற வேல்.

ரசிகர்கள் பைத்தியமானார்கள். இது கம்பெனியின் ஏற்பாடு என்றே எல்லாரும் நினைத்தார்கள். அரை நிமிஷத்தில் சாய்கிருஷ்ணனே அப்படி நினைக்கத் தொடங்கிவிட்டார். “கான்செப்ட் எப்படி சார்?” என்று அவர் ஷ்ரவணிடம் கேட்டது யூசுப்பின் காதில் விழுந்தது.

குழல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். கான்செப்டைப் பற்றி ஹீரோவிடம் தானும் இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று மரியாதையாகக் கேட்டாள். அல்லது ஆபீஸுக்கு இன்னொரு மெயில் போடுவதாக இருந்தால் தான் பேசாமல் இருப்பதாகவும் சொன்னாள். அவர் மெயில் போட்டார். அனுப்பியதைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

ஷ்ரவண் நல்ல பையன். எரிகிற வேலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற பித்தளை வேலையும் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், துளையைவிட்டு ஒரு சாண் எழும்பி மறுபடி உட்கார்ந்துகொண்டது. ஆறு கட்டும் வியர்த்தன. வேல்சாமி அவர் தோளைத் தொட்டு, “நாப்பது நாளு விரதம் இருந்துட்டு வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, தன் வேலைத் தானே தூக்கி எடுத்தார். எடுத்த கையோடு வலது கால் லேசாக மடங்கியது. நிலோபர் பதறிப்போய்த் தாங்க வந்தாள்.

“இருக்கட்டும் தாயி,” என்றார். “கனமாத்தான் இருக்கும். நேத்து ஒரு நாள் லீவு குடுத்தான்.”

ஐந்து மணிக் காட்சிக்கு மணி அடித்தது. குழல் அவர்களையும் படம் பார்க்கக் கூப்பிட்டாள். விரதத்தில் சினிமா பார்க்கக்கூடாது என்று வேல்சாமி மறுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்தப் பிள்ளை பெயர் எப்போது வரும் என்று கேட்டார். ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம் என்றாள் நிலோபர், தலையைக் குனிந்துகொண்டு. மூன்று நிமிஷத்தில் விரதம் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். புளியறைக்காரர்கள் இருவரும் அதைப் பலமாக ஆமோதித்தார்கள்.

இருட்டில், கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்பது பேரும் வேலோடு நின்றார்கள். முன்னால் யூசுப்புக்கும் மகளுக்கும் நடுவில் சைதூன் பீவி உட்கார்ந்து, பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இந்தத் தடவை மறக்கவில்லை. திரையில் அருவி விழுந்தது, இடி இடித்தது, எழுத்துகள் வரிசையாக வந்து போயின. பிறகு அந்த வரி வந்தது. ‘வேல் வடிவமைப்பு: நிலோபர்.’

பின்னாலிருந்து நாற்பது தொண்டையும் ஒன்றாக வெற்றிவேல் என்று கூவின. தியேட்டர் மொத்தமும் வீரவேல் என்றது. நிலோபர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சைதூன் பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யூசுப் பக்கம் சாய்ந்தார்.

“ஏன் வாப்பா, எம்மவ பேருக்கா இம்புட்டுப் பேரும் சத்தம் போடுதாவ?”

யூசுப்பிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் கைவசம் இருக்கும். இந்தத் தடவை அதை எடுக்காமல், திரும்பிப் பின்னால் நின்ற நாற்பது பேரையும் பார்த்தான்.

“ஆமா மாமி,” என்றான்.